ஏறும்போது படி, இறங்கும்போது லிஃப்ட்

ஏப்ரல் 20, ஞாயிறு

ஆற்றல் அழியாது என்றால் அதை எதற்கு மிச்சம் பிடிக்க வேண்டும்?

இன்று மாலை குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. இருபது வருடத்துக்கு மேலாகக் கல்லூரியில் வெப்ப இயக்கவியல் நடத்துகிறேன். இதற்கான சமன்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கையில் பருப்பு வடையோடு நிற்கிற ஒரு மனிதருக்குப் புரிகிற மாதிரி ஒரு வாக்கியம் வரவில்லை.

நான் எழுந்தது சின்ன விஷயத்துக்கு. படிக்கட்டு விளக்குகள் பகலிலும் எரிகின்றன, அணைத்துவைத்தால் மின்சாரம் மிச்சமாகும் என்றேன். செயலாளர் கையை உயர்த்தினார்.

"டீச்சர், ஒரு சந்தேகம். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாதுன்னு எங்க ஸ்கூல்ல சொல்லித் தந்தாங்க. அப்போ விளக்கு எரிஞ்சா மட்டும் அது எங்க போயிரப் போவுது?"

கிண்டலாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். உண்மையாகவே கேட்டார். "யோசித்துச் சொல்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டேன். முதல் மாடி வக்கீல் சாமுவேல் சிரித்தார்.

செயலாளர் பெயர் ஆறுமுகநயினார். தரைத்தளத்தில் தனியாக இருக்கிறார். தொலைபேசி இலாகாவில் விருப்ப ஓய்வு வாங்கியவர். மனைவி இறந்து ஆறேழு வருடமாகிறது, மகள் பெங்களூரில். யார் எதைச் சொன்னாலும் நம்புவார். போன வருடம் தண்ணீர்க் குழாயில் காந்தம் கட்டினால் உப்பு போய்விடும் என்று கட்டினார். உப்பு போகவில்லை. காந்தம் போய்விட்டது, யாரோ கழற்றிக்கொண்டார்கள்.

கூட்டத்தின் முக்கியமான விஷயத்தை எழுத மறந்துவிட்டேன். லிஃப்ட் செத்துவிட்டது. மோட்டார் புகைந்து, இனி ரிப்பேர் செய்து பயனில்லை என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். நாங்கள் நாலாவது மாடி. அம்மாவுக்கு வலது மூட்டு மடங்காது.

ஏப்ரல் 21, திங்கள்

முதல் முயற்சி. சூடான காப்பியை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனால் அது ஆறிவிடுகிறது. அதிலிருந்த வெப்பம் அழியவில்லை, இந்த அறையில்தான் இருக்கிறது. ஆனால் அறையிலிருந்து அதைத் திரட்டி மறுபடியும் டம்ளருக்குள் போட முடியாது. ஆற்றலின் அளவு குறையவில்லை. அதில் வேலைக்கு உதவும் பங்கு குறைந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் அந்தப் பங்குக்குத்தான் கட்டிலா ஆற்றல், அதாவது கட்டு இல்லாத ஆற்றல், என்று பெயர்.

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"குளிச்சிட்டு வந்து காப்பி கேட்டா ஆகாதா? ஏன் முன்னாலயே வாங்கி வைக்க?" என்றாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பூனாவிலிருந்து தம்பி சங்கரலிங்கம் போன் பண்ணினான். லிஃப்ட் விஷயம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா சொல்லியிருப்பாள், மறைக்கத் தெரியாது.

"அக்கா, ஆனித் தேருக்கு வாரேன். அதுக்குள்ள புது லிஃப்ட் ஓடலைன்னா அம்மாவை என்கூடக் கூட்டிட்டுப் போயிருதேன். அவங்களை அங்க ஜெயில்ல போட்ட மாதிரி வச்சிருக்க முடியாது."

நியாயமாகத்தான் பேசினான்.

"என்னட்டி சொல்லுதான்?" என்றாள் அம்மா.

"தேருக்கு வாரானாம்."

"அது சரி. அதுக்குப் பிறகு சொன்னதைச் சொல்லு."

போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது.

அம்மா போய்விட்டால் உள்ளறையில் புத்தக அலமாரி போட்டுக்கொள்ளலாம். ரொம்ப நாளாக இடம் இல்லாமல் இருக்கிறது. அளந்து பார்த்தேன். இரண்டு அலமாரி தாராளமாக நிற்கும். அளந்த டேப்பை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, அரைமணி நேரமாகத் தேடுகிறேன்.

மே 3, சனி

செயலாளர் படியேறி வந்தார். ஒரு கையில் அம்மாவுக்கு முருங்கைக்காய், மறு கையில் லிஃப்ட் கம்பெனியின் விளம்பரத் தாள். மூச்சு வாங்கியது.

புது லிஃப்டோடு ஒரு பெட்டி விற்கிறார்களாம். மேலே போகும்போது செலவான மின்சாரத்தை, கீழே இறங்கும்போது திருப்பித் தருமாம்.

"இறங்கும்போது நம்ம பாரம் மோட்டாரைச் சுத்துது. மோட்டார் டைனமோ ஆயிருது. கரண்டு கட்டடத்துக்கு வந்துருது. எப்படி?"

"முழுசாக வராது. உராய்வு இருக்கிறது, கம்பியில் சூடு போகிறது."

"கொஞ்சமாவது வரும்லா?"

"கொஞ்சம் வரும்."

"அதான் கேட்டேன்" என்று சந்தோஷமாக அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தார். ஆற்றாமல், கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறார். நாக்கு எப்படித் தாங்குகிறதோ.

போகும்போது வாசலில் நின்று, "டீச்சர், அந்தக் கேள்விக்குப் பதில்?" என்றார்.

காப்பி உதாரணத்தைச் சொன்னேன். தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஆறுன காப்பியைத் திரும்ப அடுப்புல வச்சா சூடாயிருமே" என்றார். அடுப்புக்கு எரிவாயு வேண்டும் என்றேன். "எரிவாயு எரிஞ்சாலும் அழியாதுல்லா?" என்றார். இவருக்கு வகுப்பு எடுப்பதைவிடச் சுவருக்கு எடுக்கலாம். சுவர் இடக்காகக் கேட்காது.

அவர் போன பிறகு அம்மா, "நல்ல முருங்கைக்காய்" என்றாள்.

மே 11, ஞாயிறு

இப்போது நிலைமை இது. முதல் மாடியும் இரண்டாம் மாடியும் புது லிஃப்டுக்குப் பங்கு தர மறுத்தன. "நான் முதல் மாடியில இருக்கேன். எனக்கு எதுக்கு லிஃப்ட்?" என்பது வக்கீல் சாமுவேலின் வாதம். ஆனால் கரண்டு தரும் லிஃப்ட் என்று செயலாளர் வீடு வீடாகப் போய்ச் சொன்னதும் இரண்டாம் மாடி இளகிவிட்டது. வக்கீல் மட்டும், "கரண்டு வரும்னு யார் சொன்னா? டீச்சர் சொல்லட்டும். சொன்னா நானும் கையெழுத்துப் போடுதேன்" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் நான் சொல்ல வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். லிஃப்ட் கூண்டுக்கு மறுபக்கத்தில் ஓர் எதிர் எடை தொங்குகிறது. கூண்டும் அது கொள்ளும் ஆட்களில் பாதிப் பேரும் சேர்ந்தால் என்ன கனமோ அந்தக் கனம். அதனால் ஒரே ஒருவர் உள்ளே நின்று இறங்கினால் எதிர் எடைதான் கனம். கூண்டு தானாக இறங்காது, மோட்டார்தான் அதைக் கீழே இழுக்க வேண்டும். மின்சாரம் வராது. செலவாகும். இது விளம்பரத் தாளில் இல்லை.

உண்மையைச் சொன்னால் வக்கீல் கையெழுத்துப் போட மாட்டார். இரண்டாம் மாடியும் பின்வாங்கும். தேர் வருவதற்குள் லிஃப்ட் வராது.

"வரும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன கொறைஞ்சு போயிரும்?" என்றாள் அம்மா.

"தப்பான விஷயத்தை எப்படிம்மா சொல்ல?"

"உங்க அப்பாவும் இப்படித்தான். பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட எனக்குத் தலைவலி வரும்னு அவரே முந்திச் சொல்லிட்டாரு. யாருக்கு வரும்? அவருக்கு."

எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்கும் புரிந்த மாதிரி தெரியவில்லை. வெகுநேரம் சிரித்தாள்.

மே 18, ஞாயிறு

சொன்னேன்.

கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எதிர் எடையை விளக்க ஒரு தராசை வரைந்து காட்டினேன். ஒருவர் தனியாக இறங்கினால் மின்சாரம் செலவு என்றேன். வக்கீல், "கேட்டீங்களா" என்பது போல எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். செயலாளர் முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்க்காமல் இருப்பது நல்லது என்று தாளைப் பார்த்தே பேசினேன்.

பாதிச் சொல்லி நிறுத்துவது முறையல்ல என்பதால் மீதியையும் சொன்னேன்.

"ஆறேழு பேருக்கு மேல் சேர்ந்து இறங்கினால்தான் ஏதாவது கிடைக்கும். அதுவும் லிஃப்ட் தருவதில்லை. மேலே ஏறியவர்கள் படியேறி வந்திருந்தால், அவர்கள் சாப்பிட்ட இட்லி அவர்களை மேலே ஏற்றியிருக்கிறது. இறங்கும்போது அந்த இட்லியில் ஒரு துளிதான் மின்சாரமாகத் திரும்பி வருகிறது."

செயலாளர் எழுந்தார்.

"அப்போ எல்லாரும் படியில ஏறி, மொத்தமா லிஃப்ட்ல இறங்கினா கரண்டு வரும். டீச்சரே சொல்லிட்டாங்க."

"நான் சொன்னது அதுவல்ல."

"தின்ன இட்லிக்குக் கரண்டு வருதுன்னா சும்மாவா?" என்றார் இரண்டாம் மாடிக்காரர். "எங்க வீட்டுல ஆளுக்கு ஏழு இட்லி."

கைதட்டினார்கள். வக்கீலே தட்டினார். சொன்ன சொல் மாறாதவர், கையெழுத்தும் போட்டார்.

இன்னொன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஒருவர் இருவர் மட்டும் லிஃப்டில் மேலே போனாலும் மின்சாரம் கிடைக்கும். எதிர் எடை கனமாக இருப்பதால் அது இறங்கும், கூண்டு தானாக ஏறும். இது தெரிந்தால் யாரும் தனியாக வரும்போது படியேற வேண்டியதில்லை. வாய் திறப்பதற்குள் வடை வந்துவிட்டது. பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

மே 19, திங்கள்

அளக்கும் டேப் கிடைத்தது. பிரிட்ஜுக்குள் இருந்தது.

ஜூன் 9, திங்கள்

லிஃப்ட் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். மின்வெட்டு வந்தால் பக்கத்துத் தளம் வரை கொண்டுவிடுவதற்குத் தனியாக ஒரு பேட்டரி உண்டாம். அதையும் கரண்டு தரும் பெட்டியையும் சேர்த்து வாங்கச் சங்கத்தால் முடியவில்லை. பேட்டரியை விட்டுவிட்டார்கள். "கரண்டு தயாரிக்கிற லிஃப்டுக்கு பேட்டரி எதுக்கு?" என்று செயலாளர் கேட்டாராம். கம்பெனிக்காரரால் பதில் சொல்ல முடியவில்லையாம். அவர்மேல் எனக்கு அனுதாபம் உண்டு.

ஜூன் 16, திங்கள்

கல்லூரி திறந்தது. லிஃப்டும் ஓடத் தொடங்கியது.

கூண்டுக் கதவுக்குப் பக்கத்தில் செயலாளர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்: ஏறும்போது படி, இறங்கும்போது லிஃப்ட். வயதானவர்களுக்கும் உடம்பு சரியில்லாதவர்களுக்கும் விதிவிலக்கு. தினமும் காலை எட்டரைக்கு மொத்த இறக்கம்.

எங்கிருந்து இறங்குவது என்பதை நான் யோசிக்கவில்லை. உயரமான இடத்திலிருந்து இறங்கினால்தான் நிறைய வரும். உயரமான இடம் என் வீட்டு வாசல்.

எட்டேகாலுக்குக் கதவைத் திறந்தால் வெளியே ஒன்பது பேர் நிற்கிறார்கள். அலுவலகப் பை, சாப்பாட்டுப் பை, தலைக்கவசம். முதல் மாடி வக்கீல் கறுப்புக் கோட்டோடு மூன்று மாடி ஏறி வந்து வேர்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு இறங்க ஒரே மாடிதானே?" என்றேன்.

"மாடி ஒண்ணுதான் டீச்சர். ஆனா நான் தொண்ணூத்தி நாலு கிலோ. விட முடியுமா?"

அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். யார் மகளுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள், யாருக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது எல்லாம் பதினைந்து நிமிடத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக இந்தக் கட்டடத்தில் இருக்கிறேன். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது.

சாயங்காலம் கணக்குப் பார்த்தேன். காலை இறக்கத்தில் கிடைக்கும் மின்சாரம், படிக்கட்டில் ஒரு விளக்கு ஒரு மணி நேரம் எரியப் போதும். படியேறுகிறவர்களுக்கு வெளிச்சம் தருவதற்காகப் படியேறுகிறோம்.

தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கு லிஃப்டே தேவையில்லை. ஆனாலும் அவரும் ஏறி வந்து நின்றார்.

ஜூன் 20, வெள்ளி

சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்பும்போது செயலாளரும் படியேறிக்கொண்டிருந்தார். மொட்டை மாடியில் லிஃப்ட் பெட்டியின் மீட்டரைப் பார்க்கப் போகிறாராம். என் விடைத்தாள் பையை வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன்.

தனியாக மேலே போகலாம் என்ற விஷயத்தை இன்று சொல்ல இருந்தேன். இரண்டாம் மாடி திரும்பும்போது ஆரம்பித்தேன். அவர் அந்த நேரம் பார்த்து, இலாகாவில் இருந்தபோது மழையில் கம்பத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு யாரோ இருவர் பேசியதைக் கேட்ட கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். கணவனும் மனைவியுமாம். பேசி முடிக்கட்டும் என்று இணைப்பைத் துண்டிக்காமல் நனைந்துகொண்டே காத்திருந்தாராம்.

"என்ன பேசினார்கள்?"

"கத்தரிக்காய் வெலை. முக்கால் மணி நேரம்."

நாலாவது மாடி வந்துவிட்டது.

ஜூன் 23, திங்கள்

இன்றும் சொல்லவில்லை. மீட்டர் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்.

ஜூன் 24, செவ்வாய்

மீட்டரை வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். இதையும் சொல்ல வேண்டும்.

ஜூன் 26, வியாழன்

கல்லூரியில் துறைக் கூட்டம் நீண்டுவிட்டது. பேருந்து இல்லாமல் ஆட்டோவில் வந்தேன். ஆட்டோ எனக்கு வழக்கமில்லை. ஐந்தரை தாண்டி ஒரு நிமிடம் ஆகியிருந்தது. மீட்டர் பார்க்கிறவர் முதல் படியில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். நல்ல செருப்பு. வாரில் ஒன்றும் பழுதில்லை.

ஜூலை 5, சனி

தம்பி வந்துவிட்டான். லிஃப்ட் ஓடுகிறது. ஆனாலும் அவன் பையில் அம்மாவுக்கும் சேர்த்து டிக்கெட் இருக்கிறது. புதன்கிழமை வண்டி.

"லிஃப்ட் ஓடினால் விடுகிறேன் என்றாய்."

"அக்கா, இதை லிஃப்ட்னு சொல்லுதியா? சினிமாக் கொட்டகை மாதிரி எட்டரைக்கு ஒரு ஷோ ஓடுது. பாதியில நின்னா அம்மா என்ன செய்வாங்க? உனக்கும் வயசாகுது. யார் பாத்துக்கிடுவா?"

அம்மா சமையலறையில் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

உள்ளறைக்கு அலமாரி வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஈரம் வரும் சுவர். புத்தகம் கெட்டுவிடும். வேறு காரணம் இல்லை.

ஜூலை 7, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, தானும் எட்டரை இறக்கத்தில் வருவேன் என்றாள். சங்கர் பார்க்கட்டும் என்றாள். ஆக, அம்மா, நான், தம்பி, வக்கீல், செயலாளர் நயினார், இரண்டாம் மாடிக் குடும்பத்தில் நாலு பேர். ஒன்பது பேர் ஏறினோம். வக்கீல் உள்ளே வந்ததும் கூண்டு லேசாகத் தணிந்தது. அவர் பெருமையாகச் சுற்றிப் பார்த்தார்.

மூன்றாம் மாடியைத் தாண்டியதும் மின்சாரம் போயிற்று. கூண்டு நின்றது. விளக்கும் மின்விசிறியும் நின்றன. செல்போன் வெளிச்சத்தில் ஒரு கணம் ஒன்பது முகம்.

"கரண்டு தயாரிக்கிற லிஃப்டு" என்றான் தம்பி.

நயினார் வாட்ச்மேன் இசக்கிக்குப் போன் போட்டு, மொட்டை மாடிக்குப் போகச் சொன்னார். இசக்கிக்கு அறுபது வயது. அவரும் படியேறித்தான் போக வேண்டும்.

"பாத்தியாக்கா. இதைத்தான் சொன்னேன். அம்மாவை இதுலயா விட்டுட்டுப் போகணும்?"

"ஏல சங்கரு" என்றாள் அம்மா. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள். "பூனாவுல உன் வீடு எத்தனாவது மாடி?"

"அது வேறம்மா."

"எத்தனாவது?"

"பதினாலு."

வக்கீலுக்கு இருமல் வந்தது. நெடுநேரம் இருமினார்.

"அங்க லிஃப்டு நின்னா பக்கத்துல நிக்கிறவன் தமிழ்ல பேசுவானா? மோரு குடிச்சீங்களான்னு கேப்பானா?"

"அங்கே பேட்டரி இருக்கும்மா."

"பேட்டரி பேசுமால?"

வெக்கை ஏறிக்கொண்டே போனது. எல்லோரும் விசிறிக்கொண்டார்கள். இரண்டாம் மாடிப் பெண் அழத் தயாராவது தெரிந்தது. அவளைத் திசைதிருப்ப எனக்குத் தெரிந்த ஒரே வழி பாடம் நடத்துவது.

"ஒரு மனித உடம்பிலிருந்து பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவுக்கு வெப்பம் வருகிறது" என்றேன். "இப்போது இங்கே ஒன்பது பல்பு எரிகிறது. இந்தச் சூட்டை ஒன்றரை நிமிடம் சேர்த்துவைத்தால், அந்த ஆற்றல் இந்த லிஃப்டில் இருக்கிற எல்லோரையும் தரையிலிருந்து நாலாவது மாடிக்குத் தூக்கிவிடும்."

"பிறகு ஏன் தூக்க மாட்டேங்குது?" என்றார் நயினார்.

"நம் உடம்பும் சூடு, கூண்டும் சூடு. எல்லாம் ஒரே மாதிரி ஆகிக்கொண்டு வருகிறது. எங்கேயாவது ஒரு வித்தியாசம் இருந்தால்தான் அதைவைத்து வேலை வாங்கலாம். ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி. ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் லேசு. வித்தியாசம் தீர்ந்துபோனால் ஆற்றல் அவ்வளவும் இங்கேதான் இருக்கும். ஒன்றுக்கும் ஆகாது."

இருட்டில் அவர் யோசிப்பது தெரிந்தது.

"அப்போ அன்னைக்குக் கேட்டேன்லா, எதுக்கு மிச்சம் பிடிக்கணும்னு. மிச்சம் பிடிக்கிறது ஆற்றலை இல்ல. வித்தியாசத்தை."

ஆமாம் என்றேன். இரண்டரை மாதமாக நான் தேடியது அந்த வாக்கியம். வடை இல்லாமல் சொன்னார்.

"கேட்டுக்கிட்டியா?" என்றாள் அம்மா. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

இசக்கி மேலே போய்ச் சேர்ந்து போனில் மூச்சுவாங்கினார். மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கிறது, அதை இழுத்தால் பிரேக் விடும் என்று நயினார் சொன்னார்.

"விட்டா லிஃப்டு மேல போவுமா, கீழ போவுமா?" என்றார் இசக்கி. "எனக்குப் பயமா இருக்கு சார்."

நயினார் போனை என் பக்கம் திருப்பினார்.

"கீழேதான் போகும்" என்றேன். "ஒன்பது பேர் இருக்கிறோம். எதிர் எடையைவிட நாம் கனம். கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டு இழுங்கள்."

"நிச்சயமா டீச்சர்?" என்றார் வக்கீல். வழக்கமான வக்கீல் குரலில் இல்லை.

"நீங்கள் இருக்கிறீர்கள். நிச்சயம்தான்."

சிரித்தார்கள். கூண்டு அசைந்தது. அசைந்த நேரத்தில் யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள். கீழே போகும்வரை விடவில்லை. இருட்டாக இருந்ததால் யார் என்று சொல்ல முடியாது. எனக்கு இடதுபக்கம் நின்றது நயினார்.

இரண்டாம் மாடிக் கதவு நேராக வந்தது. இழுத்துத் திறந்து வெளியே வந்தோம். அம்மாவை நயினாரும் தம்பியும் ஒரு நாற்காலியில் தூக்கிக் கீழே கொண்டுவந்தார்கள். ஒரு சொட்டு மின்சாரம் செலவாகவில்லை என்று வக்கீல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்.

சாயங்காலம் தம்பி அம்மாவின் டிக்கெட்டை ரத்து செய்தான். பேட்டரி வாங்குவதற்கு அவனே பங்கு தருவதாகச் சொன்னான். "பதினாலாவது மாடியைப் பத்தி வீட்டுல பேசணும்" என்று முணுமுணுத்தான்.

நாளை தேர். உள்ளூர் விடுமுறை. அம்மாவும் தம்பியும் ஆட்டோவில் தேர் பார்க்கப் போவார்கள். எனக்குக் கூட்டம் ஒத்துவராது. வீட்டில் இருந்து விடைத்தாள் திருத்துவேன். இறக்கத்துக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. அந்தத் தனி ஏற்ற விஷயத்தை ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவதாக இருக்கிறேன். நேரில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஜூலை 8, செவ்வாய்

நடந்தது இது.

எட்டரைக்கு வாசலில் நயினார் மட்டும் நின்றார். விடுமுறை என்பதால் வேறு யாரும் வரவில்லை. அம்மா, தம்பி, அவர். மூன்று பேர் இறங்கினால் மின்சாரம் செலவாகும். நான் நாலாவதாக ஏறினேன். நாலு பேருக்கும் செலவாகும்தான். ஆனால் கொஞ்சம் குறைவு.

கீழே ஆட்டோ நின்றது. அம்மாவும் தம்பியும் ஏறிக்கொண்டார்கள். அம்மா தலையை வெளியே நீட்டினாள்.

"பிளாஸ்க்ல காப்பி போட்டு வச்சிருக்கேன். நயினாரு தம்பி, நீங்க காலையில ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. ஏட்டி, பாத்துக்கோ."

ஆட்டோ போய்விட்டது. நாங்கள் இருவரும் லிஃப்ட் முன்னால் நின்றோம். இரண்டே பேர். எதிர் எடை கனம். ஏறினால் கூண்டு தானாக மேலே போகும், கட்டடத்துக்கு மின்சாரமும் கிடைக்கும். இயற்பியல் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது.

"படியிலயே போவோமா?" என்றார்.

"போவோம்" என்றேன்.

முதல் மாடியில் வக்கீல் வீட்டில் யாரோ தோசை வார்த்தார்கள். இரண்டாம் மாடியில் நயினார் நின்று, நேற்று கூண்டு எங்கே நின்றது என்று கதவைத் தட்டிக் காட்டினார். மூன்றாம் மாடி திரும்பும்போது எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. தெரிந்த உண்மையை இவ்வளவு நாள் வைத்துக்கொண்டிருந்து எனக்குப் பழக்கமில்லை. ஒருவர் இருவர் லிஃப்டில் மேலே போனால் மின்சாரம் வரும், ஒன்றரை மாதமாகச் சொல்லாமல் இருந்துவிட்டேன், எல்லோரும் வீணாக ஏறியிருக்கிறார்கள் என்று படபடவென்று சொல்லி முடித்தேன்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"கம்பெனி மெக்கானிக் மாட்டின அன்னைக்கே சொல்லிட்டாரு. ரெண்டு பேரு மேல போனா நல்லா வருமாம்."

"பின்னே ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

அவர் என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். பிறகு படியைப் பார்த்தார்.

"நீங்க ஏன் சொல்லலை, டீச்சர்?"

மீதிப் படிகளை மெதுவாக ஏறினோம்.

சாப்பாட்டு மேசையில் பிளாஸ்க் இருந்தது. பக்கத்தில் இரண்டு டம்ளர் கழுவிக் கவிழ்த்துவைத்திருந்தது. ஊற்றினேன். ஆவி வந்தது. விடைத்தாள் கட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ஆறுவதற்குள் குடித்தோம்.